ஆபீஸ் சொந்தத்துக்கு ரிடையர்மென்ட் வேண்டாம்!

உங்கள் வீட்டில் வேலைக்குப் போகிறவர் யாராவது இருக்கிறாரா? அவரை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தூக்கத்தைக் கழித்துவிட்டால், ஒரு நாளில் அவர் விழித்திருப்பது 16 மணி நேரம். அதில் எட்டு மணி நேரம் ஆபீஸ். பஸ், டிராஃபிக், குளியல், டி.வி., செல்போன் எல்லாம் போக, மனைவி மக்களோடு உட்கார்ந்து பேசுவது ஒரு மணி நேரம் தேறுமா? சந்தேகம்தான். அப்படியானால் முப்பது வருஷ சர்வீஸில் அவர் முகம் பார்த்துப் பேசியது வீட்டு மனுஷர்களைவிடப் பக்கத்து சீட்காரரிடம்தான் அதிகம்!

ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆபீஸில் உறவு வளர்வதே டிபன் பாக்ஸில்தான். "சார், இன்னிக்கு உங்க வீட்ல வத்தக்குழம்பா? எனக்கு ரெண்டு ஸ்பூன் எடுத்து வைங்க" என்று ஆரம்பிக்கும். ஆறு மாதத்தில் இந்த வீட்டு அம்மா, அந்த வீட்டு சாருக்கும் சேர்த்து ஊறுகாய் கொடுத்து அனுப்புவார். ரம்ஜானுக்கு ஒரு மேஜையிலிருந்து பிரியாணி வரும். கிறிஸ்துமஸுக்கு இன்னொரு மேஜையிலிருந்து கேக் வரும். பொங்கல் முடிந்த மறுநாள் கரும்புத் துண்டு வரும். சொந்த ஊரில் ஒருவர் வீட்டுத் திண்ணையில் மற்றவர் உட்கார யோசிக்கும் ஜாதிக்காரர்கள்கூட, ஆபீஸ் கேன்டீனில் ஒரே பாக்ஸில் கை வைத்துச் சாப்பிடுகிறார்கள். கல்யாணப் பத்திரிகை கொடுத்துக் கூப்பிட வேண்டிய சொந்தம் அல்ல இது. தானாக வந்த சொந்தம்.

கஷ்டம் வரும்போது இதன் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். சொஸைட்டி லோனுக்கு ஜாமீன் கையெழுத்து யார் போட்டது? பெண் கல்யாணத்தில் பந்தியில் நின்று சாம்பார் வாளி தூக்கியது யார்? அப்பா தவறியபோது, அழுதுகொண்டிருந்த உங்களைத் தொந்தரவு செய்யாமல், அமரர் ஊர்தியிலிருந்து இறப்புச் சான்றிதழ் வரை அலைந்தது யார்? ஆபரேஷனுக்கு நாலு யூனிட் ரத்தம் வேண்டும் என்றதும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து நின்றது யார்? பல வீடுகளில் இதற்கெல்லாம் ஒரே பதில்தான்: "ஆபீஸ்காரங்க!"

ஆனால் இவ்வளவு பெரிய சொந்தத்தை, வேலையை விட்ட அன்றைக்கே ஆபீஸ் வாசலில் விட்டுவிட்டு வந்துவிடுகிறோம். இது உடம்புக்கும் மனசுக்கும் நாமே வைத்துக்கொள்ளும் வேட்டு. ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கவனிக்கிற அளவுக்கு இந்த உறவையும் கவனித்துக் காப்பாற்ற வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

பக்கத்து சீட்டே முதல் டாக்டர்

வீட்டில் நாம் பார்ப்பது ராத்திரி களைத்து வந்து சோபாவில் சாய்கிற மனிதரை. வேலை செய்கிற மனிதரைப் பார்ப்பது ஆபீஸ்தான். கையெழுத்துப் போடும்போது விரல் நடுங்குகிறதா, நேற்றுச் சொன்ன ஃபைல் இன்று மறந்துபோகிறதா, ஒரு மாடி ஏறியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரா, இதெல்லாம் அங்கேதான் கண்ணில் படும். "என்ன சார், காலையிலேருந்து மூணாவது பாட்டில் தண்ணி காலி பண்றீங்க! அரை மணிக்கு ஒரு தடவை பாத்ரூம் வேற. சுகர் பாத்தீங்களா?" என்று கேட்கிற சிநேகிதர், லேப் ரிப்போர்ட்டுக்கு முன்னால் வருகிற ரிப்போர்ட்.

இன்னொரு காரணமும் உண்டு. வீட்டில் சொன்னால் பயப்படுவார்கள் என்று மறைப்பதை ஆபீஸில் சொல்லிவிடுகிறோம். "ரெண்டு நாளா லேசா நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்குப்பா. வீட்ல சொல்லிடாதே" என்று டீக்கடையில் சொல்லும் ஆண்கள் எத்தனை பேர்! இந்த ரகசியத்தை மட்டும் காப்பாற்றாதீர்கள். சொன்னவரைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். போகும் வழியிலேயே அவர் வீட்டுக்கும் போன் செய்துவிடுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

பக்கவாதம் வந்தால் என்ன செய்வது என்பதையும் ஒவ்வொரு ஆபீஸும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணும், ஒரு கை தொங்கும், பேச்சு குழறும். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். "மயக்கமா இருக்கும், கொஞ்சம் சோடா குடிங்க" என்று எதையும் வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, தகுந்த நோயாளிகளுக்குப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதனால் ஆஸ்பத்திரியில் கேட்கும் முக்கியமான கேள்வி, "கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?" என்பது. அதற்குப் பதில் மனைவிக்குத் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. "பதினொண்ணே கால் மணிக்கு என்கூட டீ குடிக்கிறப்போ நல்லாத்தான் இருந்தார் டாக்டர்" என்று சொல்லக்கூடியவர் பக்கத்து சீட்காரர் ஒருவரே. அந்த ஒரு வரியால் ஒருவருடைய கை கால் பிழைக்கலாம்.

சிநேகமும் ஜலதோஷமும்

"அதெல்லாம் சரி, சிநேகிதம் இருந்தா வியாதி வராதா?" என்று கேட்பீர்கள். வேடிக்கையான ஒரு ஆராய்ச்சி இருக்கிறது. அமெரிக்காவில் ஷெல்டன் கோஹன் என்ற மனோதத்துவப் பேராசிரியரும் அவரது குழுவினரும் 1997-ல் வெளியிட்டது. ஆரோக்கியமான 276 பேரை, அவர்கள் சம்மதத்தோடு, மூக்கில் ஜலதோஷக் கிருமியைச் சொட்டுவிட்டுத் தனியே தங்க வைத்துக் கவனித்தார்கள். அதற்கு முன் அவரவர் பழகும் உறவுகளைக் கணக்கெடுத்தார்கள். கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள், அக்கம்பக்கம், நண்பர்கள் என்று 12 வகை. கூட வேலை செய்பவர்களும் அதில் ஒரு வகை.

முடிவு என்ன தெரியுமா? ஆறும் அதற்கு மேலும் உறவு வகைகள் உள்ளவர்களைவிட, மூன்று அல்லது அதற்கும் குறைவான வகைகள் மட்டுமே உள்ளவர்களுக்கு ஜலதோஷம் பிடிக்கும் வாய்ப்பு நாலு மடங்குக்கு மேல் இருந்தது! இங்கே பார்க்க வேண்டியது எத்தனை பேர் என்பதை அல்ல, எத்தனை வகை என்பதை. வீட்டு மனுஷர்கள் மட்டும் போதும் என்று இருப்பது, தினம் மூன்று வேளையும் சோறு மட்டும் சாப்பிடுவது மாதிரி. வயிறு நிறையும், சத்து போதாது.

விஷயம் ஜலதோஷத்தோடு நிற்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2025-ல் வெளியிட்ட அறிக்கை, உலகத்தில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்றும், அதன் காரணமாக வருஷத்துக்கு ஏறக்குறைய 8 லட்சத்து 71 ஆயிரம் உயிர்கள் போகின்றன என்றும் மதிப்பிடுகிறது. மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரை, ஞாபக மறதி, மனச்சோர்வு எல்லாவற்றுக்கும் தனிமை கதவைத் திறந்துவிடுகிறதாம்.

முதலாளி சொல்லும் 'குடும்பம்'

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. ஆண்டு விழா மேடையில் ஏறி, "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று மேலே இருப்பவர்கள் பேசுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஓவர்டைம் கேட்கும்போது குடும்பம், லீவு கேட்டால் மட்டும் ரூல் என்றால், அது என்ன குடும்பம்? "குடும்பத்துக்காக ஞாயித்துக்கிழமை வரமாட்டீங்களா?" என்று கேட்டு வேலை வாங்குவது பாசம் இல்லை, சாமர்த்தியம்.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் சொன்ன கணக்கு இது. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதம் அதிகம். இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். பாசத்தின் பெயரைச் சொல்லி உடம்பை வாங்கிக்கொள்ள யாருக்கும் உரிமை கிடையாது.

நான் சொல்லும் சொந்தம் மேலேயிருந்து வருவதில்லை, பக்கத்திலிருந்து வருவது. அதிலும் எல்லைகள் உண்டு. ஜாமீன் கையெழுத்துப் போடுமுன் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கட்ட முடியாத கடனால் முறிந்த சிநேகிதங்கள் ஏராளம். சீனியர் "நீ என் தங்கச்சி மாதிரி" என்று சொல்லிவிட்டதாலேயே, ஒரு பெண் அவருடைய அதிகப்படியான பேச்சைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் வருஷச் சட்டமே சொல்கிறது. நல்ல சொந்தம் எதுவோ அது எல்லையை மதிக்கும்.

வீட்டில் ஏன் முணுமுணுப்பு?

"உங்களுக்கு ஆபீஸ்தான் குடும்பம். நாங்க எதுக்கு?" இந்த வசனம் ஒலிக்காத வீடு குறைவு. சொல்லும் மனைவி மேல் தப்பில்லை. ஆபீஸில் சிரித்துப் பேசிவிட்டு வீட்டுக்கு உர்ரென்று வந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? மனைவி வேலைக்குப் போகிற வீடுகளில் இதே வசனத்தைக் கணவர் சொல்வார். கூடவே, "யார் அது, அடிக்கடி போன்?" என்று ஒரு சந்தேகமும் எட்டிப் பார்க்கும்.

இதற்கு மருந்து ஒன்றுதான். ஆபீஸ் சிநேகிதத்தை ஆபீஸிலேயே பூட்டி வைக்காதீர்கள். வீட்டுக்கு அழைத்து வாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து சாப்பிடச் சொல்லுங்கள். இரண்டு வீட்டுப் பெண்களும் பேசிக்கொள்ளட்டும், பிள்ளைகள் சேர்ந்து விளையாடட்டும். பெயர் மட்டும் தெரிந்தவரிடம் சந்தேகம் வரும். முகம் தெரிந்தவரிடம் மரியாதை வரும். உறவு வேர் விடுவதும் அப்போதுதான். ஆபீஸ் சிநேகிதம் நிஜமான சொந்தமாகிவிட்டதா என்று பார்க்க எளிய சோதனை இருக்கிறது. உங்கள் மனைவிக்கோ கணவருக்கோ அவர்கள் வீட்டு வாசல் தெரியுமா? "தெரியும்" என்றால் பாஸ்!

மாலை போட்ட மறுநாள்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020-ல் 58-லிருந்து 59 ஆனது. 2021-ல் 60 ஆனது. எந்த வயதாக இருந்தால் என்ன, அந்த நாள் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் வருகிறது. மாலை, சால்வை, குரூப் போட்டோ, சாப்பாடு, நாலு பேர் கண் கலங்கிப் பேசுவது, கடைசியில் காரில் வைத்து வீடு வரை கொண்டு வந்து விடுவது. "சார், வாரா வாரம் வந்து பாக்கறோம்" என்று எல்லோரும் சொல்வார்கள். மனசார்தான் சொல்வார்கள்.

மறுநாள் காலை ஒன்பது மணி. குளித்து, பேன்ட் போட்டு, பேப்பரை மூன்றாவது தடவை படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "எதுக்குப்பா பேன்ட் போட்டுக்கிட்டு இருக்கீங்க?" என்று மகள் சிரிப்பாள். ஒரு மாதம் போன் வரும். மூன்று மாதத்தில் பண்டிகைக்கு மட்டும் வரும். ஒருநாள் அவரே ஆபீஸுக்குக் கிளம்பிப் போவார். எல்லோரும் எழுந்து நின்று "வாங்க சார்" என்பார்கள்; டீ வரும். பத்து நிமிஷத்தில் அவரவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிவிடுவார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, வேலை இருக்கிறது. ஆனால் திரும்பி வரும் மனிதர் அதற்கப்புறம் அங்கே போகமாட்டார்.

முன்பெல்லாம் மத்திய அரசு பென்ஷன்காரர்களுக்கு நவம்பர் மாதம் ஒரு சாக்கு இருந்தது. "உயிரோடு இருக்கிறேன்" என்று சான்றிதழ் கொடுக்க பாங்க்குக்குப் போவார்கள். அந்த க்யூவில் பழைய சிநேகிதர்களைப் பார்ப்பார்கள். "இன்னும் இருக்கியாடா!" என்று தோளில் தட்டிக்கொள்வார்கள். 2014-ல் டிஜிட்டல் உயிர்வாழ் சான்றிதழ் வந்தது. இப்போது செல்போனில் முகத்தைக் காட்டினாலே முடிந்துவிடுகிறது. முடியாதவர்களுக்கு அது பெரிய வரப்பிரசாதம். ஆனால் நடக்க முடிந்தவர்களுக்கு அந்த க்யூவும் போயிற்று.

எரிச்சல், தூக்கமின்மை, காரணம் தெரியாத உடம்பு வலி, "பசிக்கலை", நாள் முழுக்க டி.வி., குளிக்கவே சோம்பல். இவற்றை வயசுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். ஆண்கள் அழ மாட்டார்கள், எரிந்து விழுவார்கள்; அதுவும் மனச்சோர்வின் முகமாக இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். டெலி மனஸ் என்ற இலவச மனநல உதவி எண் 14416 இருக்கிறது. முதியோருக்கென்றே 14567 இருக்கிறது. கூப்பிடத் தயங்க வேண்டாம்.

பெண்கள் விஷயத்தில் நாம் இன்னும் மோசம். "அம்மாவுக்கென்ன, வீட்டு வேலை இருக்கு, பேரக் குழந்தை இருக்கு" என்று முடித்துவிடுகிறோம். முப்பது வருஷம் மதியம் ஒரு மணிக்கு நாலு தோழிகளோடு உட்கார்ந்து மாமியார் கதையிலிருந்து மாதவிடாய் நிற்கும் கஷ்டம் வரை பேசியவர் அவர். அந்த ஒரு மணி நேரம் பறிபோனதை வீட்டில் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அவர் வாய்விட்டுச் சொல்வதுமில்லை.

அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 1938-ல் ஆரம்பித்த ஒரு ஆராய்ச்சி, 724 ஆண்களை இளம் வயதிலிருந்து முதுமை வரை பின்தொடர்ந்தது. படித்த பையன்களும் உண்டு, பாஸ்டன் நகரத்து ஏழைப் பையன்களும் உண்டு. அதை நடத்திய டாக்டர் ராபர்ட் வால்டிங்கர் 2015-ல் பேசியபோது சொன்ன விஷயம் நமக்கு முக்கியம். ஓய்வுக்குப் பிறகு யார் சந்தோஷமாக இருந்தார்கள்? கூட வேலை பார்த்தவர்களின் இடத்தில், சேர்ந்து பொழுதைக் கழிக்கும் துணைகளை முயற்சி எடுத்துத் தேடிக்கொண்டவர்கள்தான். 'முயற்சி எடுத்து' என்பதைக் கவனியுங்கள். தானாக எதுவும் வந்துவிடவில்லை.

சரி, என்ன செய்யலாம்?

ஓய்வு பெற இன்னும் ஐந்து வருஷம் இருக்கும்போதே ஆரம்பியுங்கள். பி.எஃப். கணக்கைப் பார்க்கிற மாதிரி, சிநேகிதக் கணக்கையும் பாருங்கள். ஆபீஸ் பேச்சைத் தவிர வேறு என்ன பேச இவரோடு நமக்கு இருக்கிறது? நடையா, பாட்டுக் கச்சேரியா, கோயிலா, செடி வளர்ப்பா? ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சந்திப்புக்கு நாளும் நேரமும் குறியுங்கள். "எப்பவாவது பாக்கலாம்" என்றால் எப்போதும் பார்க்க முடியாது. மாதத்தின் முதல் சனிக்கிழமை, காலை ஏழு மணி, இந்தப் பூங்கா, அப்புறம் இந்த ஹோட்டலில் இட்லி என்று முடிவு செய்துவிடுங்கள். சர்க்கரை பரிசோதனையையும் அன்றைக்கே சேர்ந்து செய்துகொள்ளலாம். ஒருவர் வராவிட்டால் அன்று மாலைக்குள் அவர் வீட்டுக்கு ஒருவர் போக வேண்டும். இது மட்டும் கட்டாய விதி.

வாட்ஸ்ஆப் குரூப் நல்லதுதான். ஆனால் தினமும் பூப்படம் போட்ட 'காலை வணக்கம்' வந்துவிட்டால் மனிதர் சௌக்கியமாக இருக்கிறார் என்று அர்த்தமில்லை. வாரத்துக்கு இரண்டு பேருக்காவது குரல் கொடுங்கள். குரலில் சோர்வு தெரியும்; பூப்படத்தில் தெரியாது.

இளைஞர்களே, உங்களுக்கும் இது பொருந்தும். இரண்டு வருஷத்துக்கு ஒரு கம்பெனி மாறுகிறீர்கள். சிலருக்கு வேலையே வீட்டிலிருந்துதான். ஒவ்வொரு கம்பெனியிலிருந்தும் ஒரே ஒரு மனிதரையாவது கூட எடுத்துக்கொண்டு வாருங்கள். நாற்பது வயதில் அந்த நாலு பேர் உங்களுக்குப் பெரிய சொத்து.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "ரிடையர் ஆனப்புறமும் என்ன ஆபீஸ் பேச்சு?" என்று தடுக்காதீர்கள். அப்பா தன் பழைய சிநேகிதரைப் பார்க்கப் போக வேண்டும் என்றால் ஆட்டோ பிடித்துக் கொடுங்கள். அம்மாவின் தோழிகள் வரும் மதியம், பேரக் குழந்தையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். மாதா மாதம் மாத்திரை வாங்கிக் கொடுப்பது எப்படிக் கடமையோ, இதுவும் அப்படித்தான்.

இன்னும் ஆபீஸில் இருப்பவர்களுக்கும் சொல்கிறேன். போன வருஷம் நீங்கள் சால்வை போட்டு வழியனுப்பினீர்களே ஒருவர், அவர் எப்படி இருக்கிறார்? தெரியாது என்றால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு அவருக்கு ஒரு போன் போடுங்கள். "சார், ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரட்டுமா?" என்று கேளுங்கள். கேட்டால் மட்டும் போதாது, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்!